கூடத்துக் காரும் வீட்டுக் காரும்



காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தவறு இல்லை. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே நினைத்தேன். நினைத்ததன் பயனாக, ஒரு மாணவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையைச் சொல்லாமல் விட்டேன். அந்தக் கடனில் ஒரு பகுதியையேனும் இன்று உங்களிடம் தீர்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

அப்போது நான் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்று வட்ட இயக்கம் பற்றிய பாடம். நீர் நிறைந்த செம்பைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் நீர் ஏன் சிந்துவதில்லை என்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய தந்தையார் வீட்டிற்கு ஒரு கணிப்பொறி வாங்கியிருந்தார். எங்கள் ஊரில் அது அன்று பெரும் புதுமை. "ஐயா, எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு கார் விளையாட்டு இருக்கிறது. அதில் சாலை ஒரு பெரிய வளையம் போல் மேலே எழும்பி, தலைகீழாகத் திரும்பி, மறுபடியும் கீழே இறங்குகிறது. வேகமாகப் போனால் கார் தலைகீழாகவே ஓடிவிடுகிறது. மெதுவாகப் போனால் விழுந்து நொறுங்குகிறது. அது ஏன், ஐயா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "விளையாட்டை வீட்டோடு வைத்துக்கொள், இங்கே பாடத்தைக் கவனி" என்றேன் நான். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முடியும்வரை அவன் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அவன் கேட்டது பாடத்தின் நடுவிலிருந்தே எழுந்த கேள்வி என்பது, அன்று மாலை மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் எனக்குத் தோன்றிற்று. தோன்றியும் மறுநாள் அவனை அழைத்து விடை சொல்லவில்லை. சொன்னதை மாற்றிச் சொல்வது ஆசிரியர்க்கு இழுக்கு என்று எண்ணிய காலம் அது.

அவன் குறிப்பிட்ட விளையாட்டின் பெயர் 'ஹார்டு டிரைவின்'. அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்தின் மில்பிடாஸ் நகரில் இருந்த அடாரி கேம்ஸ் என்னும் நிறுவனம் அதை 1989ஆம் ஆண்டில் வெளியிட்டது. முதலில் அது வீட்டுக்கென்று செய்யப்பட்டது அன்று. காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்கென்றே செய்யப்பட்டது. அதன் பெரிய வடிவத்தைப் பெட்டி என்று சொல்வதே பொருந்தாது. காரின் முன்பாதியை வெட்டி எடுத்து வந்து வைத்தாற்போல் இருக்கும். முன்னும் பின்னும் தள்ளிக்கொள்ளக் கூடிய இருக்கை, எதிரே திரை, திருகினால் எஞ்சின் உறுமத் தொடங்கும் சாவி, நான்கு கியர்களும் நியூட்ரலும் உள்ள கியர்த் தண்டு, காலடியில் ஆக்ஸிலேட்டர், பிரேக், கிளட்ச் என மூன்று மிதிகள். கிளட்ச் மிதி வைத்த விளையாட்டை அக்காலக் கூடங்களில் காண்பது அரிது. கிளட்சை மிதிக்காமல் கியரை மாற்ற முயன்றால் தண்டு கையை எதிர்த்துக் கரகரக்கும். அதற்கென்று ஒரு மின்காந்தச் சுருளைத் தண்டின் அடியில் பொருத்தியிருந்தார்கள். இந்த அமைப்புக்கு 1990இல் அவர்கள் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். இவ்வளவும் வேண்டாம் என்பவர்க்குத் தானே கியர் மாறும் வழியும் உண்டு.

கார் ஓட்டும் விளையாட்டுகள் அதற்கு முன்னும் பல இருந்தன. இதே அடாரியின் பெயரால் 1974இல் 'கிரான் டிராக் 10' வந்தது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1982இல் 'போல் பொசிஷன்' என்பதையும், சேகா நிறுவனம் 1986இல் 'அவுட் ரன்' என்பதையும் வெளியிட்டன. பின்னைய இரண்டும் கண்ணுக்கு இனியவை. ஆனால் இவற்றில் உலகம் என்ற ஒன்று இல்லை. மரத்தின் படத்தைச் சிறிதாக வரைந்து தொலைவில் வைப்பார்கள். அதையே பெரிதாக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நகர்த்துவார்கள். கார் ஓடுவதுபோல் தோன்றும். நாடக மேடையில் பின்திரையை நகர்த்தித் தேர் ஓடுவதாகக் காட்டுவோமல்லவா, அதுபோன்றதுதான். பின்திரையில் வரைந்த சாலையைத் தலைகீழாக வளைத்து அதன்மேல் ஓட்டிக் காட்டுதல் இயலாது.

'ஹார்டு டிரைவின்' வேறு வழியில் சென்றது. சாலை, பாலம், வேலி, எதிரே வரும் வண்டி ஆகிய எல்லாவற்றையும் தட்டையான பலகோணத் துண்டுகளால் அமைத்தார்கள். ஒவ்வொரு துண்டின் ஒவ்வொரு முனைக்கும் மூன்று எண்கள் உண்டு. முனை எவ்வளவு கிழக்கே, எவ்வளவு வடக்கே, எவ்வளவு உயரத்தில் என்பதே அவை. கார் நகரும்போதும் திரும்பும்போதும் கணிப்பொறி எல்லா முனைகளையும் புதிதாகக் கணக்கிட்டு, ஓட்டுநரின் கண்ணுக்கு அவை எங்கே தோன்றும் என்று கண்டு, திரையில் வரைய வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் நாம்கோவும் இந்த வழியில் 'வின்னிங் ரன்' என்னும் பந்தய விளையாட்டைச் செய்தது. ஆகவே எது முதல் என்ற வழக்கிற்குள் நான் புகவில்லை.

இந்த உலகில் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று வேகப் பாதை. மற்றொன்று சாகசப் பாதை. சாகசப் பாதையில் நடுவே திறந்து கிடக்கும் பாலம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அந்த மாணவன் சொன்ன வளையம் உண்டு. பக்கவாட்டில் சரிந்து செல்லும் வளைவு உண்டு. சாலையோரத்தில் ஒரு பசு நிற்கும். அதன்மேல் மோதினால் அது கத்தும்; அவ்வளவுதான். நம் ஊர்ச் சாலைகளை அறிந்தவர்க்கு அந்தப் பசுவிடம் ஒரு பாசம் உண்டாவது இயல்பு. தகுதி நேரத்திற்குள் சுற்றை முடித்தவர், கணிப்பொறியே ஓட்டும் 'பேன்டம் ஃபோட்டான்' என்னும் காரோடு ஒரு சுற்றுப் போட்டியிடலாம். கார் மோதினால் உடனே ஆட்டம் தொடர்வதில்லை. மோதலுக்கு முந்திய சில நொடிகளை, காரின் வெளியே உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் மறுபடியும் ஓட்டிக் காட்டும். இந்த மறுகாட்சியை ஆடுவோர் கேளிக்கையாகவே கண்டிருப்பர். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. கணக்கில் விடை தவறிய மாணவனிடம் 'தவறு' என்று சொல்லிவிடுவது எளிது. எந்த வரியில் தவறத் தொடங்கினான் என்று காட்டுவதுதான் கடினம். மறுகாட்சியைக் கவனித்துப் பார்த்தால், மோதல் வேலியருகே நிகழ்ந்தாலும் தவறு அதற்கு இரண்டு வளைவு முன்னரே தொடங்கியிருப்பது புலப்படும்.

இனி வளையத்திற்கு வருவோம். அவனுக்குச் சொல்லாத விடை இதுதான்.

வளையத்தின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் கார் தலைகீழாக இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது. 'இழுத்தால் விழ வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். விழத்தான் செய்கிறது. ஆனால் அது முன்னோக்கியும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டே விழும் பொருளின் பாதை வளைந்திருக்கும். அவ்வளைவு சாலையின் வளைவைவிடச் சற்றேனும் விரிந்திருந்தால், கார் விழ முற்படும் இடத்திலெல்லாம் சாலை குறுக்கே நிற்கும். சக்கரம் சாலையை அழுத்திக்கொண்டே செல்லும். வேகம் குறைந்தால் விழும் பாதை குறுகிவிடும். கார் சாலையை விட்டுப் பிரிந்துவிடும். இந்த இரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை வேகத்தைக் காண்பது எளிது. வேகத்தின் வர்க்கம், ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம். 10ஐ 9.8ஆல் பெருக்கினால் 98. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9.9. அதாவது உச்சியில் நொடிக்கு 9.9 மீட்டர், அல்லது மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காரின் எடை இக்கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். லாரிக்கும் இதே வேகந்தான்.

ஆனால் உச்சிக்கு ஏறும்போது கார் வேகத்தை இழக்கும். எஞ்சின் உதவியே இல்லாமல் உருண்டு ஏறுவதாகக் கொண்டால், அடிவாயிலில் ஆரம், முடுக்கம் இவற்றின் பெருக்கத்தைப்போல் ஐந்து மடங்கின் வர்க்கமூலம் வேண்டும். நொடிக்கு 22 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் வரும். எஞ்சின் உதவினால் இதற்குக் குறைந்தும் ஏறலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் காரைத் தள்ளுவது சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வைக் கொண்டுதான். எல்லை வேகத்தில் உச்சியை அடையும்போது சக்கரம் சாலையை அழுத்துவதே இல்லை. அழுத்தம் இல்லாத இடத்தில் உராய்வும் இல்லை. ஆகையால் உச்சியில் தயங்கும் கார், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிழைக்காது. பிழைக்க வேண்டுமானால் கீழேயே மிதித்திருக்க வேண்டும். இன்னும் ஒன்று: அந்த 80 கிலோமீட்டர் வேகத்தில் வளையத்திற்குள் நுழையும் கணத்தில் ஓட்டுநர் தம் எடையைப்போல் ஆறு மடங்கு கனப்பார். 60 கிலோ மனிதர் 360 கிலோ மூட்டைபோல் இருக்கையில் அழுந்துவார். இதனால்தான் மெய்யான கேளிக்கை இரயில்களில் வளையத்தை முழு வட்டமாகக் கட்டுவதில்லை. கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் 1976இல் கட்டிய வளையம் நீர்த்துளி வடிவில் மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருக்கிறது. விளையாட்டில் அமர்ந்தவரின் முதுகெலும்புக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆகையால் அங்கே எந்த வளையமும் கட்டலாம்.

இது எளிய கணக்கு. பள்ளிப் பிள்ளையே செய்யக் கூடியது. இந்த விளையாட்டின் உண்மையான அருமை வளையத்தில் இல்லை. சாதாரண வளைவில், சாதாரணச் சாலையில், டயரில் இருக்கிறது.

ரிக் மான்கிரீஃப் என்பவர் தலைமையில் மேக்ஸ் பெஹென்ஸ்கி, ஸ்டெஃபனி மாட், ஜெட் மார்கோலின் முதலியோர் இதனை உருவாக்கினர். மெய்யான காரைப்போல் இது நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்பிய அவர்கள், டக் மில்லிகன் என்னும் அறிஞரின் துணையை நாடினர். விளையாட்டில் வரும் பெயர்ப் பட்டியலில் அவரை 'சோதனை ஓட்டுநர்' என்று அடக்கமாகக் குறித்திருக்கிறார்கள். அவருடைய தந்தையார் வில்லியம் மில்லிகன் 1911இல் பிறந்து 2012வரை வாழ்ந்தவர். முதலில் விமானங்களின் நிலைப்பாட்டை ஆராய்ந்தவர். 1948இல் வாட்கின்ஸ் கிளென் என்னும் ஊரில் நடந்த பந்தயத்தில் தம் புகாட்டிக் காரைக் கவிழ்த்துக்கொண்டார். அந்த வளைவுக்கு இன்றும் 'மில்லிகன் வளைவு' என்றே பெயர். கவிழ்ந்தவர் பெயரால் ஒரு வளைவு விளங்குவது அரிய பெருமைதான். 1950களில் பஃபலோ நகரின் கார்னெல் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் தலைமையில் ஒரு குழுவினர், விமானத்தின் இயக்கச் சமன்பாடுகளைக் காருக்கு ஏற்ப மாற்றி அமைத்தனர். அந்த ஆய்வுரைகள் 1956இல் லண்டனில் இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் அளிக்கப்பட்டன. பிற்காலத்தில் தந்தையும் மகனும் சேர்ந்து பந்தயக் கார்களின் இயக்கவியல் பற்றி எழுதிய நூல் 1995இல் வெளிவந்தது.

விமானத்திற்கும் காருக்கும் என்ன உறவு? டயர்தான் உறவு. வளைவில் செல்லும் காரின் முன்சக்கரம் எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அதே திசையில் செல்வதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது சில பாகைகள் விலகியே செல்கிறது. இரப்பர், சாலையைப் பற்றிக்கொண்டு சற்று முறுக்குண்டு, அந்த முறுக்கினால்தான் பக்கவாட்டு விசையைத் தருகிறது. நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே உள்ள இக்கோணத்தை வழுக்குக் கோணம் எனலாம். கோணம் பெருகப் பெருக விசையும் பெருகும். ஆனால் ஓர் எல்லை வரையில்தான். சாதாரண டயருக்கு ஏறத்தாழ 10 பாகை அளவில் விசை உச்சத்தை எட்டும். அதற்கு மேலும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் விசை கூடாது, குறையத் தொடங்கும். விமானத்தின் இறக்கையும் இப்படியே. மூக்கைத் தூக்கத் தூக்க உயர்த்தும் விசை வளரும். ஓர் எல்லையைக் கடந்தால் இறக்கை கைவிட்டுவிடும். இறக்கையை ஆராய்ந்தவர் டயரை ஆராயப் புகுந்ததில் வியப்பில்லை.

இப்போது ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பாருங்கள். டயர் கைவிடப் போகிறது என்பதை அவர் எப்படி அறிவார்? கண்ணால் அறிய முடியாது. கண் அறியும்போது கார் ஏற்கெனவே சறுக்கிக்கொண்டிருக்கும். கைதான் முதலில் அறிகிறது. திருப்பிய சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்ப முயல்வதை நீங்கள் மிதிவண்டியிலும் உணர்ந்திருப்பீர்கள். காரில் இந்த விசை ஸ்டியரிங் வழியே உள்ளங்கைக்கு வருகிறது. டயரின் பிடி உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே இந்தத் திரும்பும் விசை தளரத் தொடங்குகிறது. கனமாக இருந்த ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிறது. அனுபவம் உள்ள ஓட்டுநர் அந்த இலேசை உணர்ந்ததும் காலைத் தளர்த்துகிறார். டயர் சொல்லும் எச்சரிக்கை அது. என்ன எச்சரிக்கை என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அவருடைய கைக்குத் தெரியும்.

பெஹென்ஸ்கியும் நண்பர்களும் ஸ்டியரிங் தண்டோடு ஒரு மின்மோட்டாரை இணைத்தார்கள். கணிப்பொறி ஒவ்வொரு கணமும் எஞ்சின், கியர், சுருள்வில், டயர் ஆகியவற்றின் நிலையைக் கணக்கிட்டு, ஸ்டியரிங்கில் எவ்வளவு விசை இருக்க வேண்டும் என்று மோட்டாருக்குக் கட்டளையிட்டது. மோட்டார் ஆடுவோரின் கையை எதிர்த்தும் தளர்த்தியும் நின்றது. இதற்கு 1991இல் தனியே ஒரு காப்புரிமை கிடைத்தது. ஸ்டியரிங்கும் கால் சுற்றோடு முட்டி நிற்பதன்று; மெய்யான காரைப்போல் பல சுற்றுகள் திரும்புவது. இதனால் புதிதாக வந்து அமர்ந்த பிள்ளைகள் பலர் வெறுப்புற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மற்ற விளையாட்டுகளில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் அடித்தால் போதும். இங்கே அது செல்லாது. வளைவுக்கு முன் வேகம் தணிக்காதவனை இந்தக் கார் வெளியே எறிந்துவிடும். நேரமும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்; காசும் போய்விடும்.

இனி, இவ்வளவையும் வீட்டிற்குக் கொண்டுபோன கதை.

அடாரி என்ற பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. 1984இல் அந்த நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. வீட்டுக் கணிப்பொறிப் பகுதியை ஜாக் டிராமியல் என்பவர் வாங்கினார். கூடத்து விளையாட்டுப் பகுதி அடாரி கேம்ஸ் என்ற பெயரில் தனியே நின்றது. வீட்டு விளையாட்டுகளை அடாரி என்ற பெயரில் விற்கும் உரிமை இப்பகுதிக்கு இல்லை. ஆகவே அவர்கள் டென்ஜென் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். 'அடாரி' என்பது ஜப்பானியர் ஆடும் 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் வரும் சொல். டென்ஜென் என்பது அதே பலகையின் நடுப்புள்ளிக்குப் பெயர். சண்டையிட்டுப் பிரிந்தாலும் பலகையை விட்டு நீங்கவில்லை. டென்ஜென் வெளியீடாக இவ்விளையாட்டு சேகாவின் மெகா டிரைவ் கருவிக்கு வந்தது. வீட்டுக் கணிப்பொறிகளுக்கு இங்கிலாந்தின் டொமார்க் நிறுவனம் 1989இலேயே வெளியிட்டது. அமிகா, அடாரி எஸ்.டி., கொமொடோர் 64, ஸ்பெக்ட்ரம், ஆம்ஸ்டிராட், ஐ.பி.எம். வகைக் கணிப்பொறி என்று ஒன்று பாக்கியில்லை. கையில் ஏந்தும் லிங்க்ஸ் கருவிக்கும் 1991இல் வந்தது.

கூடத்து இயந்திரத்தின் உள்ளே மோட்டரோலா 68010 என்னும் தலைமைச் செயலி இருந்தது. அதற்குத் துணையாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த செயலிகள் இருந்தன. முப்பரிமாணக் கணக்குகளுக்கென்றே அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் தனிச் செயலி ஒன்று இருந்தது. அந்தத் தனிச் செயலி இரண்டு எண்களை ஒரே துடிப்பில் பெருக்கிவிடும். வீட்டு அமிகாவின் 68000 செயலிக்கோ ஒரு பெருக்கலுக்கு 70 துடிப்புகள் வரை ஆகும். கொமொடோர் 64, ஸ்பெக்ட்ரம் இவற்றின் நிலை இன்னும் பரிதாபம். அவற்றின் செயலிகளுக்குப் பெருக்கல் என்ற கட்டளையே கிடையாது. வாய்பாடு கற்காத பிள்ளை விரல்விட்டுக் கூட்டிக் கூட்டிப் பெருக்குவதுபோல் அவை கூட்டியே பெருக்க வேண்டும்.

எவ்வளவு பெருக்கல் வேண்டும் என்று பார்ப்போம். ஒரு முனையைச் சுழற்றிக் காண ஒன்பது பெருக்கல். காட்சியில் 500 முனைகள் இருப்பதாகவும், நொடிக்கு 15 படங்கள் வேண்டும் என்றும் கொண்டால், நொடிக்கு 67,500 பெருக்கல்கள். அதன்பின் துண்டுகளை வண்ணத்தால் நிரப்பும் வேலை வேறு. கொமொடோர் 64இன் செயலி நொடிக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் துடிப்புகள் மட்டுமே உடையது. ஒரு பெருக்கலைக் கூட்டிக் கூட்டிச் செய்யவே நூறு துடிப்புகளுக்கு மேல் வேண்டும். பெருக்கலிலேயே பொழுது போய்விடும், வரைவது எப்போது? ஆகவே வீட்டுப் பதிப்புகளில் நொடிக்குச் சில படங்களே தோன்றின. கொமொடோர் 64இல் அந்தக் கார் ஆடுவோரின் பொறுமையைச் சோதித்தது.

படங்கள் குறைந்தால் காட்சி நயம் கெடும் என்பது மட்டும் அன்று. கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வையுங்கள். நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். நொடிக்கு ஐந்து படம் என்றால் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே கார் ஐந்தரை மீட்டர் போய்விடும். கார் இடப்புறம் சாய்கிறது என்று கண்டு வலப்புறம் திருப்புகிறீர்கள். திருப்பியதன் பயன் அடுத்த படத்தில்தான் தெரியும். அதற்குள் போதவில்லை என்று எண்ணி இன்னும் திருப்புகிறீர்கள். அடுத்த படத்தில் கார் வலப்புற வேலியில் நிற்கிறது. மிதிவண்டி பழகும் சிறுவன் சாலை முழுவதையும் அளந்துகொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அவனுடைய குற்றம் கையில் இல்லை. காலம் தாழ்ந்து அறிந்து, அளவுக்கு மிஞ்சித் திருத்துவதில் இருக்கிறது. வீட்டுப் பதிப்பு எல்லாரையும் அந்தச் சிறுவனாக்கிவிட்டது.

மேலும் கைக்கு ஒன்றும் இல்லை. மெகா டிரைவில் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. கொஞ்சம் இடது என்று சொல்ல அதில் வழியில்லை. அமிகாவில் மவுஸை நகர்த்தித் திருப்பலாம். அது சற்று மேல். எதிலும் டயரின் எச்சரிக்கை மட்டும் வரவில்லை. கூடத்தில் உள்ளங்கை அறிந்ததை, வீட்டில் கண் அறிய வேண்டியிருந்தது. கண்ணுக்கோ நொடிக்குச் சில படங்களே கிடைத்தன. இந்நிலையில் அப்பதிப்புகளைச் செய்தவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. 48 கிலோபைட் நினைவகத்தில் ஒரு வளையத்தையும் பாலத்தையும் பசுவையும் அடைக்க முயன்றதே ஆண்மை. ஆயினும் அட்டைப் பெட்டியின்மேல் மெய்யான கார் ஓட்டுவது போன்றது என்று அச்சிட்டு விற்பது வேறு, அது வணிகம்.

இதன் தொடர்ச்சியாக 1990இல் 'ரேஸ் டிரைவின்' கூடங்களுக்கு வந்தது. அதுவும் பின்னர் வீடுகளுக்குச் சென்றது. அடாரி கேம்ஸ் நிறுவனம் 1996இல் கைமாறி, மிட்வே நிறுவனத்தோடு சேர்ந்து, 2003இல் மூடப்பட்டது. மறு ஆண்டே மிட்வே தன் பழைய விளையாட்டுகளைத் திரட்டி ஒரே தட்டில் வெளியிட்டபோது 'ஹார்டு டிரைவின்' அதில் இடம்பெற்றது. 2005இல் வந்த அடுத்த திரட்டில் 'ரேஸ் டிரைவின்' சேர்ந்தது. அதற்குள் வீட்டுக் கருவிகள் கூடத்து இயந்திரத்தை விஞ்சிவிட்டன. பழைய இயந்திரத்தின் கணக்கை அவை விளையாட்டாகச் செய்து முடித்தன. இப்போது காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் கையில் இருந்தது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு குச்சி. மோட்டார் பொருத்திய ஸ்டியரிங்குகள் 1990களின் இறுதியிலிருந்து வீட்டுக்கென்றே விற்கப்படுகின்றன என்றாலும், அவற்றை வாங்கி மேசையில் பூட்டுவோர் எத்தனை பேர்?

ஆக, கூடத்துக் காரிலிருந்து வீட்டுக் காருக்கு வரும்போது எது உதிர்ந்தது, எது நின்றது என்று பாருங்கள். இருக்கை போயிற்று, மூன்று மிதிகள் போயின, ஸ்டியரிங்கின் எதிர்ப்பும் அதன் வழியே டயரின் பேச்சும் போயின, காட்சியின் ஓட்டமும் பெரும்பாலும் போயிற்று. கணக்கு எளிதாக இருந்தவை மட்டும் நின்றன. வேகம் போதாமல் வளையத்தில் ஏறினால் கார் உச்சியில் விழும் என்பது எந்தப் பதிப்பிலும் மாறவில்லை. அந்த மாணவன் தன் வீட்டுச் சிறு திரையில், தத்தித் தத்தி நகரும் படத்தில் கண்டு என்னிடம் கேட்டது அதைப் பற்றித்தான்.